காதுவில்லைப் பதிவேட்டின் பின்பக்கம்

மன்னவனூர் ஆட்டுப் பண்ணையில்
காலை எண்ணிக்கை என் வேலை.
மூடுபனியில் பட்டிக் கதவைத் திறந்துவிட்டால்
ஒவ்வொன்றாய் வரும், காதில் மஞ்சள் வில்லையோடு.
அன்று வேலிக் கட்டையில் உட்கார்ந்து
யாயாவும் கூடவே எண்ணினான்:
கோஒ, திதி, ததி, நாயி.
நான் கம்பைத் தேடினேன்.
நாய் எங்கேயும் இல்லை.
நாலு என்று அர்த்தமாம்.
சிரித்துச் சிரித்துக் கட்டையிலிருந்து விழுந்தான்.
அன்றைய கணக்கு இரண்டு ஆடு உதைத்தது.

அவன் அப்பா ஹமாதூ, ரோமத்தை ஆராய
கேமரூனிலிருந்து வந்தவர்.
குவார்ட்டர்ஸில் எதிர் வீடு.
அம்மா அஸ்தா, பின்னால் இரண்டு பெண் பிள்ளைகள்.
மொழி ஃபுல்ஃபுல்டே.
பெயரைச் சொன்னாலே வாயில் நுரை கட்டும்.

குழாயடியில் அஸ்தா விசாரிப்பாள்:
உடம்பு ஜாமா, வீடு ஜாமா,
மாடுகள் ஜாமா.
எனக்கேது மாடு.
இருப்பது ஒரு ஸ்கூட்டி, குளிரில் கிளம்பாதது.
ஸ்கூட்டியும் ஜாம் என்றேன்.
மறுநாளிலிருந்து
அதையும் தவறாமல் கேட்டாள்.

பதிவேட்டின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன்.
கோசம், பால். ந்தியம், தண்ணீர்.
நெப்பம், வெண்ணெய். லம்தம், உப்பு.
ஊற்றிக் குடிப்பதெல்லாம் அம்மில் முடியும் என்றாள்.
உப்பை யார் குடிப்பார்கள்?
மாடு குடிக்கும். வழக்கு முடிந்தது.
பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து,
மரகதம்,
நீயும் இந்தச் சட்டிதான் என்றாள்.

சில எழுத்துக்கு மூச்சை வெளியே விடக் கூடாது,
உள்ளே விழுங்க வேண்டும்.
கறந்த பாலைச் சொல்லப்போய்
எனக்கு விக்கல் பிடித்தது. இன்னும் வரவில்லை அது.

மின் என்றால் கரண்ட் இல்லை. நாங்கள்.
அவள் ஊர்க்கதை பூராவும் மின் மின் மின்.
நாங்கள் ஆற்றைக் கடந்தோம்,
நாங்கள் பஞ்சத்தில் மந்தையை விற்றோம்.
அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டேன்.
ஹமாதூ ஆபீசில் இங்கிலீஷில் ‘வீ’ என்பார்.
அதற்குள் நான் இருக்கிறேனா
வாசலில் நிற்கிறேனா, ஒரு வருஷமாய்த் தெரியவில்லை.

தை மாதம். புல்லெல்லாம் உறைபனி.
அவர் கொடைக்கானலில் மாட்டிக்கொண்ட ராத்திரி
ஜன்னலில் அஸ்தா, கையில் டார்ச்.
ஞ்ஜெஹென்.
ஈன முடியாத தாயாடு கத்துவது
அதற்குப் பிறகுதான் காதில் விழுந்தது.
போகலாம் என்கிறாள், ஆனால் மின்னைக் காணோம்.
ஓடும்போது உறைத்தது,
சொல்லின் வாலில் ஒட்டியிருக்கும் ‘என்’:
நாங்கள் இல்லை. நாம்.
அட, இவர்களிடமும் இரண்டு இருக்கிறது!

குட்டியின் முன்னங்கால் மடங்கியிருந்தது.
சிறிய கை அவளுடையது, அது உள்ளே போயிற்று.
நான் தாயின் தலையைப் பிடித்திருந்தேன்.
வந்ததற்கு மூச்சில்லை.
வைக்கோலால் தேய்த்தோம், தேய்த்தோம்,
தும்மியது.

மறுநாள் அவர் திரும்பியதும் சாப்பிடக் கூப்பிட்டார்கள்.
யாயா தட்டுகளை எண்ணி வைத்தான்.
ஆறுக்கு அவர்களிடம் தனிச்சொல் கிடையாது.
ஜோவி, ஐந்து.
அடுத்தது ஜோவீ-கோஒ, ஐந்தும் ஒன்றும்.

வைகாசியில் ஒப்பந்தம் முடிந்தது.
ஆறே முக்கால் பஸ்.
பெட்டிகளை ஏற்றிவிட்டு அஸ்தா
மின் ஞ்ஜஹீ என்றாள்.
நாங்கள் கிளம்பிவிட்டோம்.
சரிதான், வேறெப்படிச் சொல்வாள்.
ஸ்கூட்டியைக் கேட்டாள். ஜாம் என்றேன்.

புது உதவியாள் பூம்பாறைப் பையன்.
நான் வாய்விட்டு எண்ணுவேன்.
நாயி என்றதும் திடுக்கிட்டுக் கம்பைத் தேடுகிறான்.
சொல்லித்தரவில்லை, இருக்கட்டும் கொஞ்ச நாள்.
பனிக்குள்ளிருந்து வந்துகொண்டே இருக்கின்றன.
ஜோவி.
ஜோவீ-கோஒ.